தேரிக்கும் உடங்காட்டுக்கும் எந்த வண்டி: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒருவர் ‘காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று சொன்னால், அவர் மானாவாரி நிலத்துக்கோ பனை விளைக்கோ போகிறார் என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். காட்டில் ஓட்டுவதற்கென்று மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவரும் காடு என்ற சொல்லை இந்தப் பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கே நிற்கும் மலைக்காடு 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அதற்குள் அனுமதியின்றி நுழைவதே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அங்கே வண்டியைக் கொண்டுபோகும் எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும். தேரி எனப்படும் செம்மணல் மேடுகளிலும் வனத்துறைக்குச் சொந்தமான பகுதிகள் உண்டு. ஆகவே இந்தக் கட்டுரையில் காடு என்பது நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை வட்டாரங்களில், நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு ஓட்டக்கூடிய செம்மணல், உடை முள்மரங்கள் நிற்கும் உடங்காடு, பனை விளை, ஓடை, கரிசல் வண்டித்தடம் ஆகியவற்றையே குறிக்கும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே வண்டியை வைத்துக்கொண்டு வாரநாளில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் காட்டுக்கும் போகிறவருக்கு, 200 சி.சி. அளவிலான எடை குறைந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியே ஏற்றது. தன் வண்டியைத் தானே பிரித்துப் பூட்டும் பழக்கமும், அதற்கு நேரமும், ஓட்டுவதற்குத் தனி நிலமும் உள்ளவர் மட்டுமே டூ ஸ்ட்ரோக்கைத் தேட வேண்டும். வேகத்தையும் திறனையும் ஒப்பிட்டு நான் இந்த முடிவுக்கு வரவில்லை. முள்ளுக்கிடையே நடை வேகத்தில் எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது, அது நின்றுபோனால் பழுதுபார்க்க யார் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் பார்த்தே வந்தேன்.

இரண்டு எஞ்சின்களின் குணமும் அவற்றின் அமைப்பிலிருந்தே வருகிறது. டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு முறை பெட்ரோல் எரிகிறது; ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிகிறது. டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் தலையில் வால்வும் இல்லை, அதைத் திறக்கும் கேமும் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. அதனால் எஞ்சின் சிறியது, எடை குறைந்தது, பிரிப்பதற்கு எளியது. ஆனால் காற்றும் பெட்ரோலும் கிராங்க் அறை வழியாகவே சிலிண்டருக்குள் போவதால் அங்கே தனியாக ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வேண்டிய ஆயில் உள்ளே வரும் பெட்ரோலோடு சேர்ந்தே வந்தாக வேண்டும். டூ ஸ்ட்ரோக்கின் நன்மைகளும் தொல்லைகளும் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

தேரி மணலில் டூ ஸ்ட்ரோக்கின் நன்மை நன்றாகத் தெரியும். காலை வெயிலில் காய்ந்த செம்மணல் மாவைப்போல் இருக்கும். முன்சக்கரம் அதில் புதையத் தொடங்கியதும் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும். அந்த நொடியில் எஞ்சின் உடனே எழ வேண்டும். கிளட்சை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் டூ ஸ்ட்ரோக் சட்டென்று எழுந்து முன்சக்கரத்தை மணலுக்கு மேலே கொண்டுவந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கும் மணலைக் கடக்கும், ஆனால் எடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கடக்கும்.

உடங்காட்டுக்குள் நுழைந்தால் கதை மாறுகிறது. உடை மரம் குடை விரித்ததுபோல் நிற்கும். அதன் கிளை ஓட்டுகிறவரின் நெஞ்சு உயரத்தில் குறுக்கே வரும். மரத்துக்கு மரம் வளைந்து, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும், ஏறக்குறைய நடக்கிறவரின் வேகத்தில்தான் போக முடியும். இங்கே தேவைப்படுவது இழுத்துப்போகும் நிதானம். எஞ்சின் மெல்லச் சுழலும் கீழ்ச்சுற்றில் திணறி, வேகமாகச் சுழலும் மேற்சுற்றில் திடீரென்று பாயும் சாலை வகை டூ ஸ்ட்ரோக்கை இங்கே ஓட்டினால், ஒவ்வொரு வளைவிலும் அரைக் கிளட்சில் நிற்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் இடது முன்கை மரத்துப்போகும். ஃபோர் ஸ்ட்ரோக் அதே வளைவில் ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்தால் போதும், பின்சக்கரம் வழுக்காமல் உருட்டிக்கொண்டு போகும்.

டூ ஸ்ட்ரோக் என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு வகைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காட்டுக்கென்றே செய்யப்பட்ட 300 சி.சி. எண்டியூரோ (காடுமேட்டு நெடும்பந்தய வகை) டூ ஸ்ட்ரோக் வண்டிகள் கீழ்ச்சுற்றிலும் அருமையாக இழுக்கும். உலகின் மிகக் கடினமான எண்டியூரோ பந்தயங்களில் அவை முன்னிலையில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கே.டி.எம் தன் 250, 300 சி.சி. எண்டியூரோ டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு 2017-இல் இன்ஜெக்‌ஷன் முறையை அறிவித்த பிறகு, அந்த வண்டிகளில் ஆயிலைத் தனித் தொட்டியிலிருந்து பம்பே செலுத்துவதால், கையால் கலக்கும் வேலையும் இல்லாமல் போயிற்று. ஆனால் நம் ஊரில் டூ ஸ்ட்ரோக் என்றால் பெரும்பாலும் 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ் 100-ஐயோ அதன் தம்பிகளையோ, அல்லது மைசூரில் செய்த எஸ்டியையோ வாங்கி, மேடேறும் டயரைப் போட்டு மாற்றியமைப்பதுதான் வழக்கம். இவை சாலைக்குச் செய்த வண்டிகள். ஆர்.எக்ஸ் 100-இன் முன்சக்கரம் 18 அங்குலம்; காட்டு வண்டிகளுக்கு 21 அங்குலம். சஸ்பென்ஷனும் குட்டையானது. எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓடைக் கல்லில் அந்தக் குறை கைக்கு வந்து சேரும்.

இறக்கத்தில் இன்னொரு வேறுபாடு தெரியும். குளத்துக்கரையிலிருந்து ஓடைக்குள் செங்குத்தாக இறங்கும்போது ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை மூடினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியபடி வேகச் சுற்றில் எஞ்சினை ஓடவிட்டால் பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறைந்துவிடும். எனவே கலவை ஊற்றி ஓட்டுகிறவர்கள் இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறை திறந்து விட வேண்டும்.

ஆயில் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் வாங்கிய பழைய டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பம்பை முன்பே யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். டேங்கிலேயே கலந்து ஊற்ற வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் கலக்காத பெட்ரோலை ஊற்றிக்கொண்டு பணகுடிக்குக் கிழக்கே மணலில் ஏறிவிட்டேன். முதலில் எஞ்சின் சத்தம் மெலிந்தது. பிறகு உலோகம் உரசும் கூர்மையான ஒலி கேட்டது. அடுத்த கணம் பின்சக்கரம் இறுகி நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பிரித்துப் பார்த்தபோது சைலன்சர் பக்கம் இருந்த பிஸ்டன் முகத்தில் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியதுபோல் நான்கு கோடுகள் இருந்தன. சிலிண்டரில் அலுமினியம் ஒட்டியிருந்தது. ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி, அடுத்த அளவுப் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று.

அதனால் டூ ஸ்ட்ரோக் வாங்குகிறவர் வண்டியோடு ஒரு 50 மில்லி சிரிஞ்சையும் மருந்துக் கடையில் வாங்கிவிட வேண்டும். வண்டியின் கையேடு 40-க்கு 1 என்று சொன்னால் ஒரு லிட்டருக்கு 25 மில்லி டூ-டி ஆயில். 50-க்கு 1 என்றால் 20 மில்லி. மூடியில் ஊற்றிக் கண்ணளவில் கலப்பது கூடவே கூடாது. வேறொரு கேனில் முதலில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, ஆயிலைச் சேர்த்துக் குலுக்கி, மீதிப் பெட்ரோலையும் ஊற்றி மறுபடி குலுக்கிய பிறகே டேங்குக்குப் போக வேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பழைய கார்பரேட்டரின் ரப்பர் பாகங்களையும் அது கெடுக்கும். எனவே கலவையை வாரக்கணக்கில் வைக்காமல் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, ஓட்டி முடித்ததும் கார்பரேட்டரை வடித்துவிட வேண்டும். எத்தனால் கூடும்போது, பெட்ரோலை அளந்து விடும் கார்பரேட்டர் துளையான ஜெட் அதே அளவில் இருந்தால், காற்று-பெட்ரோல் கலவை மெலிந்து எஞ்சின் கூடுதலாகச் சூடாகும் என்பதால், மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்க வேண்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பீங்கான் முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, உடனே கவனிக்க வேண்டும், கரிபிடித்து ஈரமாக இருந்தால் தடித்திருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக்கின் பராமரிப்பிலும் இரண்டு வகை உண்டு. பந்தய வகை ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் குறைவாகவே பிடிக்கும். அதை ஓடிய மணிக்கணக்கில் மாற்ற வேண்டும், வால்வு இடைவெளியையும் அடிக்கடி பார்க்க வேண்டும். வால்வு கெட்டால் செலவு டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் செலவைப் பல மடங்கு தாண்டும். ‘டூ ஸ்ட்ரோக்தான் மலிவு’ என்ற பேச்சு இந்த வகையோடு ஒப்பிட்டால் உண்மை. ஆனால் 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற சாலைப் பதிவுள்ள ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அது பொருந்தாது. அந்த எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் ஒழுங்காக மாற்றினாலே ஆண்டுக்கணக்கில் ஓடும். பாகங்கள் திருநெல்வேலியிலேயே கிடைக்கும். 21 அங்குல முன்சக்கரமும் 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் கம்பெனியிலிருந்தே வருகின்றன. கவாசாகி கே.எல்.எக்ஸ் 230-உம் இதே பாதையில் வருவது. 2023-இன் இறுதியில் வந்த ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450 நல்ல பயண வண்டிதான். ஆனால் அதன் எடை 196 கிலோ. உடங்காட்டில் அதைத் தனியாக ஓட்ட வேண்டாம் என்பேன்.

எடையைக் காகிதத்தில் படிப்பது போதாது. வாங்குமுன் வண்டியை மணலில் மெல்லப் படுக்கவைத்து, யார் உதவியும் இல்லாமல் மூன்று முறை தூக்கி நிறுத்திப் பாருங்கள். நூறு கிலோவைச் சுற்றியுள்ள டூ ஸ்ட்ரோக்கை மூன்றாவது முறையும் தூக்கலாம். 160 கிலோவுக்கு நெருங்கிய எக்ஸ்பல்ஸில் மூன்றாவது முறை இடுப்பு பேசத் தொடங்கும். வெயில் ஏறிய பிறகு இதே வேலையைப் பத்து முறை செய்ய வேண்டிவரும் என்பதை மனத்தில் வைத்து முடிவெடுங்கள். பின்பு எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் அணைத்துவிட்டு மறுபடி கிளப்பிப் பாருங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி புறப்பட முடிகிறதா என்பதையும் பாருங்கள். உங்கள் தேர்வை மாற்றக்கூடிய சோதனைகள் இவைதான். நேர்ச்சாலையில் முறுக்கி ஓட்டிப் பார்ப்பதால் தெரிவது ஒன்றுமில்லை.

எந்த வகையானாலும் ஏர் ஃபில்டரை ஒவ்வொரு முறை தேரிக்குப் போய் வந்ததும் கழற்றிப் பார்க்க வேண்டும். அந்த நுண்மணல் டூ ஸ்ட்ரோக்கில் பேரிங்கையும் சிலிண்டரையும், ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு இருக்கையையும் அரைத்துவிடும். உடைமுள்ளுக்குத் தப்பும் டயர் இல்லை; ட்யூபும் பம்பும் கூடவே இருக்கட்டும்.

பழைய டூ ஸ்ட்ரோக்கையே தேர்ந்தெடுத்தால் காகிதத்தை முதலில் பாருங்கள். பதிவாகி 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கிப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தாக வேண்டும்; ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பந்தய வகை வண்டிகளுக்குச் சாலைப் பதிவே கிடையாது. அவற்றை வேனில் ஏற்றித்தான் காட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். இதுவரை எத்தனை முறை ரீபோர் ஆகியிருக்கிறது, இப்போது போட்டிருக்கும் பிஸ்டன் எந்த அளவு என்று விற்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக்கிடமே போய்க் கேளுங்கள். கடைசி அளவுக்கு வந்துவிட்ட சிலிண்டர் என்றால் அடுத்த முறை சிலிண்டரின் உள்ளுறையான ஸ்லீவை மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை அங்கேயே விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.