ஆள நேர்ல உக்கார வச்சு வரையறது எப்படி, யூவன் அக்லோ பாணில

போட்டோ பாத்தே வரைஞ்சு பழகுனவங்க நேர்ல ஒரு ஆள உக்கார வச்சா மொத நாளே முழி பிதுங்கும், எனக்கும் அதே கதிதான். அப்போ கைகொடுத்தது லண்டன் ஓவியர் யூவன் அக்லோ (1932–2000) வேலை செஞ்ச விதம். கேம்பர்வெல் ஓவியப் பள்ளில படிச்சிட்டு லண்டன்லயே இருக்கற ஸ்லேடு ஓவியப் பள்ளிக்கு போனவர், அங்க வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான், கண்ணுக்கு முன்னாடி இருக்கறத அளந்து போடு. இவர் அத வெறி புடிச்ச மாதிரி புடிச்சுக்கிட்டார். 1961ல மொத சோலோ ஷோ, அப்புறம் ஸ்லேட்லயே வாத்தியார் வேலை. ‘தி டயகனல்’னு ஒரு படம், 1971ல ஆரம்பிச்சு 1977ல தான் முடிஞ்சுது, ஒரே படம்ங்க!

சரி, எப்படி பண்றது. மொதல்ல ஆள தேடாதீங்க, ஒரு எலுமிச்சம்பழம் போதும். அக்லோவும் பழமெல்லாம் நிறைய வரைஞ்சிருக்கார். பழம் ‘கால் வலிக்குது’ன்னு எழுந்து போகாது (ஆனா சுருங்கும், என்னோடது ஒம்பதாவது நாள் பழுப்பாயிடுச்சு, அதனால கலர சீக்கிரமே முடிச்சுருங்க).

பொருள் இருக்கற எடத்த சுத்தி சாக்பீஸ்ல கோடு போடுங்க, உங்க நாற்காலி கால் நிக்கற எடத்துலயும் போடுங்க. இத விட்டா மறுநாள் நீங்க பாக்கறது வேற படம். பின்னாடி சுவத்துல ஒரு நூல்ல தூக்குக்குண்டு தொங்க விடுங்க, கொத்தனார் வச்சிருப்பாரே அதே தான், எது நேரா எது சாய்வுன்னு அத வச்சு தெரிஞ்சிரும்.

இப்ப அளவு. ஒரு கண்ண மூடிட்டு கைய முழுசா நீட்டி பிரஷ் கம்ப பிடிங்க, ஒரு நீளத்த யூனிட்டா எடுத்துக்குங்க, ஆளா இருந்தா உச்சந்தலைல இருந்து தாடை வரைக்கும். தோள்பட்டை அகலம் அதுல எத்தன, இடுப்பு எத்தன, எல்லாமே இத வச்சுத்தான். இங்கதான் நான் மாட்டுனேன். அரைமணி நேரத்துல கை வலிச்சு முழங்கை லேசா மடங்கிருச்சு, எனக்கே தெரியல, முழங்கை மடங்குனா கம்பு கண்ணுக்கு கிட்ட வந்துரும், அதே தல இப்ப கம்புல கொஞ்சமாதான் தெரியும், கடைசில எங்க தம்பிக்கு தல ஒரு சைஸ் உடம்பு ஒரு சைஸ்னு வந்து நின்னுச்சு. அதுக்கு மருந்து: கம்புல ஒரு நூல கட்டி மறுமுனைய பல்லுல கடிச்சுக்குங்க, நூல் இறுக்கமா இருக்கற வரைக்கும் தூரம் மாறாது. அக்லோ இதுக்குன்னே பழைய மியூசிக் ஸ்டாண்ட மாத்தி தனக்கு ஒரு கருவியே செஞ்சு வச்சிருந்தார்.

அளந்த புள்ளிய கேன்வாஸ்ல சின்னதா ஒரு கோடு போட்டு குறிச்சுக்குங்க. தப்பா இருந்தா பக்கத்துல இன்னொண்ணு போடுங்க, அழிக்காதீங்க. அவர் படங்கள்ல உடம்பு மேலயே இந்த குறிங்க கடைசி வரைக்கும் இருக்கும், எனக்கு அந்தப் படங்கள்ல ரொம்ப புடிச்சதே அதுதான்.

கலர் போடறப்ப தடவித்தடவி மழுப்ப வேணாம். வெளிச்சம் எங்க திரும்புதோ அங்க ஒரு தளம் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்குது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர முடிவு பண்ணி வைங்க, பழத்துல எட்டு பத்து தளம் கிடைச்சாலே போதும். படம் கொஞ்சம் வெறைப்பா நிக்கும், அவரோடதும் அப்படித்தான், சிலருக்கு அது புடிக்காது, பரவால்ல.

ஆள உக்கார வைக்கற கட்டத்துக்கு வந்துட்டா கஷ்டமான போஸ் கேக்காதீங்க. பின்னாடி பிரிட்டிஷ் பிரதமரான டோனி பிளேரோட மனைவி செரி பூத், சின்ன வயசுல அக்லோவுக்கு நடக்கற மாதிரி போஸ்ல மாடலா நின்னாங்க, அந்த படம் முடியவே இல்ல. எங்க தம்பி சாஞ்ச நாற்காலில உக்காந்தே இருபதாவது நிமிஷம் போன எடுத்துட்டான், அதனால இப்ப இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா டீ பிரேக், எழறதுக்கு முன்னாடி அவன் கால சுத்தி சாக்பீஸ் கோடு.