இறுதி மேசையில் டீல் பேச்சு: உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்

லாஸ் வேகஸ் கசினோக்களில் அன்றாடம் நடக்கும் போக்கர் டோர்னமென்ட்களில் மூன்று நான்கு பேர் எஞ்சியதும் ஒருவர் தலையைத் தூக்கி, "மீதிப் பரிசுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார். உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். ஆட்டத்தைக் கண்காணிக்கும் கசினோ ஊழியரான ஃப்ளோர் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு கடிகாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லோருடைய சிப்பையும் எண்ண வையுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கு வேண்டாம். பெரிய மதிப்புச் சிப்கள் அடுக்குக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

அடுத்து உங்கள் ஐசிஎம் தொகையைப் போடுங்கள், அதாவது உங்கள் சிப்புக்கு மீதிப் பரிசுப் பணத்தில் என்ன மதிப்பு என்ற கணக்கு. குதிரைப் பந்தயம் போன்ற போட்டிகளுக்காக 1973-ல் டேவிட் ஹார்வில் தந்த சூத்திரத்தின் வழியில், மேசன் மால்முத் 1987-ல் போக்கருக்குக் கொண்டுவந்த முறை இது. உங்களிடம் 3 லட்சம் சிப், முன்னணியில் இருப்பவரிடம் 5 லட்சம், கடைசி ஆளிடம் 2 லட்சம் என்று வைப்போம். மீதிப் பரிசுகள் 10,000, 6,000, 4,000 டாலர்.

நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு சிப்பின் விகிதமே: 30%. இரண்டாமிடத்துக்கு இரண்டு வழி. முன்னணி ஆள் ஜெயித்தால் (50%) மிச்சமுள்ள 5 லட்சத்தில் உங்களுடையது 3. அதாவது 50-ல் 60 சதவீதம், 30%. கடைசி ஆள் ஜெயித்தால் (20%) 8 லட்சத்தில் 3, அது 7.5%. கூட்டினால் 37.5%. மூன்றாமிடத்துக்கு மீதி 32.5%. பரிசுகளால் பெருக்கினால் 3,000 + 2,250 + 1,300 = 6,550 டாலர். இதே கணக்கில் முன்னணி ஆளுக்கு 7,679, கடைசி ஆளுக்கு 5,771. கைப்பேசியில் இதற்கான கால்குலேட்டர்கள் இருக்கின்றன, ஆனால் மூன்று பேர் என்றால் காகிதத்திலேயே முடித்துவிடலாம். இரண்டே பேர் என்றால் இன்னும் எளிது: இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதி, வித்தியாசத்தை மட்டும் சிப் விகிதத்தில் பிரித்தால் போதும்.

இந்த எண் கையில் இருந்தால் வருகிற பேரம் யாருக்குச் சாதகம் என்பது தெரிந்துவிடும். முன்னணி ஆள் பெரும்பாலும் சிப் விகிதப் பிரிப்பைத்தான் கேட்பார்: ஆளுக்கு 4,000, மீதி 8,000 சிப் கணக்கில். உங்களுக்கு 6,400, அவருக்கு 8,000. உங்களிடமிருந்து 150-ம் கடைசி ஆளிடமிருந்து 171-ம் அவர் பைக்குப் போகிறது. இந்த முறையின் கோளாறு ஒரே ஆளிடம் சிப் குவியும்போது வெட்டவெளிச்சமாகும். ஒருவரிடம் 80% இருந்தால் அவர் பங்கு 10,400. முதல் பரிசே 10,000 தான்! சமமாகப் பிரிப்போம் என்பவர் அநேகமாகக் கடைசி ஆள். அவருக்கு 895 டாலர் கூடுதல், உங்களுக்கும் 117 கூடுதல், முன்னணி ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் நஷ்டம். அவர் ஒப்புக்கொண்டால் நீங்கள் மறுக்கக் காரணமே இல்லை.

ஜெயிப்பவருக்கென்று 2,000 ஒதுக்கி வைப்பதும் வழக்கம். அப்போது முதல் பரிசை 8,000 என்று மாற்றிக் கணக்கை மறுபடி போட வேண்டும். உங்களுக்கு 5,950 கையில், மீதிக்கு 30% வாய்ப்பு, மொத்த மதிப்பு அதே 6,550. பழைய தொகையிலிருந்து ஆளுக்கு 667 கழிப்போம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். உங்களுக்கு 5,883 தான் வரும், கடைசி ஆளுக்கு 267 போய்விடும், லாபம் முழுவதும் முன்னணி ஆளுக்கு.

ஐசிஎம் சிப்பை மட்டும்தான் பார்க்கும். திறமையையும் பிளைண்டையும் பார்க்காது. பிளைண்ட் என்பது ஒவ்வொரு கையிலும் இருவர் முறைவைத்துப் போட வேண்டிய கட்டாயப் பந்தயம், சிறியது ஒன்று, பெரியது ஒன்று. பிளைண்ட் 20,000/40,000 என்றால் மேசையில் இருப்பது மொத்தமே 25 பெரிய பிளைண்ட். ஆல்-இன் (எல்லாச் சிப்பையும் வைப்பது), இல்லையென்றால் ஃபோல்ட் (கையை விட்டுவிடுவது), அவ்வளவுதான். திறமைக்கு இடமில்லை, நியாயமான டீலை எடுங்கள். 5,000/10,000 என்றால் உங்களிடம் 30 பெரிய பிளைண்ட் இருக்கிறது, நன்றாக ஆடுபவர் யோசிக்கலாம். ஆனால் அந்தத் திறமைக்கும் விலை போட்டுப் பாருங்கள். ஜெயிக்கும் வாய்ப்பு 30-லிருந்து 33 ஆகி, மூன்றாமிடம் அந்த அளவுக்குக் குறைகிறது என்றால் கூடுவது வெறும் 180 டாலர். அந்த 180-க்காக 6,000 டாலர் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் கையிருப்பு உங்களிடம் இருக்கிறதா? பலர் தங்கள் திறமைக்கு இதைவிடப் பல மடங்கு விலை போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒன்றிரண்டு பெரிய பிளைண்ட் மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த கையிலேயே பிளைண்ட் போட வேண்டியவருக்கு ஐசிஎம் அதிகமாகவே கொடுக்கும். அவருக்கு முழுத்தொகை தராதீர்கள், ஒரு சுற்று ஆடிவிட்டுப் பேசலாம்.

பேரத்தில் உங்கள் குறைந்தபட்சத் தொகையை முதலில் வெளியே விடாதீர்கள். ஒருவர் மறுத்தாலும் டீல் இல்லை, ஆட்டம் தொடரும். காரணம் சொல்லும் கடமை யாருக்கும் கிடையாது.

ஒத்துக்கொண்டால் தொகைகளை எழுதி, எல்லோரும் பார்த்து, ஃப்ளோரிடம் கொடுங்கள். டீலர்களுக்கான டிப், கோப்பை, தரவரிசைப் புள்ளி யாருக்கு என்பதையும் அப்போதே முடித்துவிடுங்கள். சில கசினோக்கள் புதிய தொகையையே பட்டுவாடா செய்யும். சில இடங்களில் அறிவித்த பரிசைத்தான் தருவார்கள், பிரிப்பது உங்கள் பாடு. அங்கே கவனம்: வரிப் படிவம் கசினோவிடம் பணம் வாங்கியவர் பெயரில் முழுத்தொகைக்கும் போகும். இந்தியாவிலிருந்து போய் ஆடுபவரிடம் அமெரிக்காவில் பொதுவாக 30% பிடித்துக்கொள்வார்கள். ஜெயித்தவர் நீங்களாக இருந்து, பிடித்தம் போகாத தொகையைப் பங்கு கொடுத்தால், மற்றவர்களின் வரியும் உங்கள் தலையில்தான்.