வாடகை குறைவு என்று வட ஒன்ராறியோவுக்கு வருகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்

ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் பேஸ்மென்டுக்குக் கொடுக்கிற காசுக்கு அங்கே நல்ல வீடே கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டுத்தான் நம்மவர்கள் பலர் சட்பரி, டிமின்ஸ், தண்டர் பே பக்கம் வருகிறார்கள். சிறிய ஊர்களில் வேலை கிடைத்து வருபவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி செய்யும், 2025 ஜனவரியில் தொடங்கிய கிராமப்புறக் குடியேற்றத் திட்டத்தில் இந்த மூன்று ஊர்களும் இருக்கின்றன. வாடகை குறைவுதான், வாகன இன்சூரன்சும் குறையும். ஆனால் மிச்சமான காசு வேறு வழியில் போகும், அந்த வழியைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

வீடு பார்க்கப் போனால் அறைகளை எண்ணுவதற்கு முன், வீடு எதில் சூடாகிறது என்று கேளுங்கள். எரிவாயுக் குழாய் ஊருக்குள் இருக்கும், கொஞ்சம் வெளியே தள்ளிப் போனால் புரோப்பேன், எண்ணெய், விறகு, இல்லாவிட்டால் கரண்ட். நான் முதலில் எடுத்தது சுவரடியில் கரண்ட் ஹீட்டர் ஓடுகிற பழைய வீடு. ஜனவரி பில் வந்த அன்று, வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே கடிதத்தில் போய்விட்டது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே போன ஜனவரி, பெப்ரவரி பில்களைக் கேட்டு வாங்குங்கள். கோடைகால பில்லைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர் என்றால் சுகாதார அலுவலகத்தில் போத்தல் வாங்கி மாதிரி கொடுங்கள், பரிசோதனை இலவசம். அது பாக்டீரியாவை மட்டும்தான் பார்க்கும், உரம், ரசாயனம் பற்றிச் சொல்லாது. செப்டிக் தொட்டியை 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு தடவை இறைக்க வேண்டும், அந்தக் காசு யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அப்புறம், பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றவே கூடாது, அதுவும் அந்தத் தொட்டிக்குத்தான் போகும்.

கார்தான் பெரிய செலவு. இரண்டு பேர் வேலைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு கார் வேண்டும். வின்டர் டயர் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் நான்கும் போடுங்கள், இன்சூரன்சில் அதற்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பழைய கார் வாங்கும்போது குனிந்து முன்பக்கம் பாருங்கள், கிரில் வழியாகச் சின்ன பிளக் ஒன்று தொங்குகிறதா என்று. அது எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர். மைனஸ் 30-இல் இரவு முழுக்க வெளியே நின்ற கார் அது இல்லாமல் காலையில் முனகிவிட்டு நின்றுவிடும். ராத்திரி பூராவும் குத்தி வைக்க வேண்டாம், டைமர் வைத்து கிளம்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்னால் ஓடவிட்டால் போதும். டிக்கியில் கம்பளி, மண்வெட்டி, தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், நெடுஞ்சாலை 11 மூடிவிட்டால் பல இடங்களில் சுற்றிப் போக வேறு ரோடே கிடையாது.

குடும்ப வைத்தியர் உடனே கிடைப்பார் என்று நம்பி இருக்காதீர்கள், வந்த கிழமையே பெயரைப் பதியுங்கள், அவசரமில்லாத சந்தேகத்துக்கு 811-ஐ அழைத்தால் நர்ஸ் பேசுவார். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க ஒரு வழிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தால் வடக்கு சுகாதாரப் பயண மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அனுப்பும் வைத்தியரும் பார்க்கும் ஸ்பெஷலிஸ்டும் படிவத்தில் தங்கள் பகுதியை நிரப்ப வேண்டும். 'அப்புறம் நிரப்பி வாங்கலாம்' என்று கிளம்பிவிடாதீர்கள், அதற்காகவே திரும்பவும் அவ்வளவு தூரம் ஓட வேண்டி வரும்.

டிமின்ஸிலிருந்து ரொறன்ரோ ஏறக்குறைய 700 கிலோமீட்டர். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போய்வரும் செலவை பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள், காசு இறுகும்போது முதலில் வெட்டத் தோன்றுவது அதைத்தான், தயவுசெய்து வெட்டாதீர்கள். சொந்தக்காரர் முகம் பார்க்காத குளிர்காலம் மிக நீளமானது. பெரிய ஃப்ரீசர் ஒன்று வாங்கி வையுங்கள், ஊரில் இருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து, யார் தெற்கே போனாலும் எல்லோருடைய சாமான் பட்டியலும் அந்தக் காரில் போகட்டும்.