நெஞ்செலும்பு கூடும் வரை: பைபாஸுக்குப் பிந்தைய மாதங்களில் நன்றியைப் பழகுதல்

இதய பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள், பிழைத்து வந்ததை எண்ணி மகிழ்ச்சியாக இருக்கும்படி அன்போடு சொல்லிவிட்டுப் போகிறார்கள். இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி, மார்போடு ஒரு தலையணையை அணைத்தபடி உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சொல் எட்டுவதில்லை; மகிழ்ச்சி வரவில்லையே என்ற குற்ற உணர்வும் வலியோடு சேர்ந்துகொள்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தலையணையோடு உட்கார்ந்திருந்தவன் நான். அப்போது எனக்குக் கைகொடுத்தவற்றை, இன்று அதே நிலையில் இருப்பவர்களுக்காகவும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் உடலின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளந்த நெஞ்செலும்பை எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அது கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரமும், பழைய உறுதியைப் பெற ஏறக்குறைய மூன்று மாதமும் ஆகும். அதுவரை கனமான பொருளைத் தூக்கவோ, கைகளை ஊன்றி எழவோ கூடாது. இதயத்தில் அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட மாற்றுவழி அமைப்பதற்காகக் காலிலிருந்து சிரையை (ரத்தக் குழாயை) எடுத்திருந்தால், நெஞ்சைவிடக் கால்தான் அதிகமாகக் குடையும், வீக்கமும் இருக்கும். பசியின்மை, தூக்கமின்மை, காரணமில்லாமல் வரும் அழுகை ஆகியவை முதல் சில வாரங்களில் பலருக்கும் வருபவையே. இவை முன்பே தெரியாவிட்டால், உடல் எடுத்துக்கொள்ளும் நியாயமான காலத்தை நம் மனத்தின் பலவீனமாக எண்ணி நொந்துபோவோம்.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இடப்பக்கத்தை வலிக்கும் வலப்பக்கத்தை நன்றிக்கும் ஒதுக்குங்கள். எப்போதும் இடப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டது, மகனிடம் எரிந்து விழுந்தது, இனி பழையபடி வேலைக்குப் போக முடியுமா என்ற பயம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். வலியை மூடி வைத்துவிட்டு அதன்மேல் எழுதும் நன்றி நிலைப்பதில்லை. உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்றில், நன்றிக்குரிய செய்திகளை வாரம் ஒருமுறை எழுதியவர்கள், தொல்லைகளை மட்டும் எழுதியவர்களைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தனர். ஆகவே, நாள்தோறும் எழுத இயலவில்லை என்று வருந்த வேண்டியதில்லை; வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

வலப்பக்கத்தில் எழுதுவது ஒரு செயலாக இருக்கட்டும். அதைச் செய்தவரின் கை அதில் தெரியட்டும். “குடும்பத்தாருக்கு நன்றி” என்று எழுதினால் இரண்டாம் வாரத்திலேயே சலித்துவிடும். என் நோட்டின் முதல் வரிகளில் ஒன்று இது: “தலை வழியாகப் போடும் பனியன்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளை நான் கேட்காமலேயே மனைவி மடித்து வைத்திருந்தாள்.” இன்னொன்று, அறுவைக்கு முன் ரத்தம் கொடுக்க வந்த கல்லூரி மாணவனைப் பற்றியது. மருத்துவமனையில் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னபோது யார் யாரிடமோ சொல்லி வந்து சேர்ந்தவன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். எழுத எழுத, அந்த வட்டம் விரியும். என் தாத்தா 1966-இல் நெஞ்சுவலியால் இறந்தார். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் அறுவை மருத்துவர் ரெனே ஃபவலோரோ காலின் சிரையைக் கொண்டு பைபாஸ் செய்யத் தொடங்கியது 1967-இல்தான். இந்தியாவின் முதல் பைபாஸை டாக்டர் கே. எம். செரியன் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்தது 1975-இல். தாத்தாவுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது என்று எழுதிய அன்று, அழுகையோடு என் மனமும் சற்று லேசானது.

முன்னேற்றத்தை நேற்றோடு ஒப்பிடாமல் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சுப் பயிற்சிக் கருவி இதற்கு நல்ல ஆசான். குழாயை வாயில் வைத்து மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும்; அதற்கேற்ப மூன்று அறைகளில் உள்ள பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும். அறைகளின் மேல் 600, 900, 1200 என்று, நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறோம் என்பது போட்டிருக்கும். முதல் நாள் எனக்கு ஒரு பந்து நடுங்கியதோடு சரி. இரண்டாவது பந்து எழுந்து நின்ற தேதியைக் குறித்து வைத்தேன். நடையும் அப்படித்தான்: வீட்டுக் கூடத்தில் தொடங்கி, தெருமுனை வரை போய், பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

கட்டிலை ஜன்னலோரம் போடுங்கள். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பியதாக ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் எழுதியிருக்கிறார்.

மிகவும் கடினமான பாடம், உதவியைப் பெற்றுக்கொள்வது. தன் பையைக்கூடப் பிறர் தூக்க விடாதவனாகவே ஐம்பத்தெட்டு வயது வரை வாழ்ந்துவிட்ட எனக்கு, முதுகு தேய்த்துவிடச் சொல்லிக் கேட்பது அறுவையைவிடப் பெரிதாக இருந்தது. வேண்டியதைக் குறிப்பாகக் கேளுங்கள்; பார்த்துக்கொள்பவருக்கும் வாரத்தில் ஒரு பிற்பகலாவது ஓய்வு கிடைக்க வழிசெய்யுங்கள். பெருந்துன்பத்துக்குப் பின் வரும் வளர்ச்சியை ஆராய்ந்த ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும், வளர்ச்சி பிறப்பது துன்பத்திலிருந்து அல்ல, அதனோடு போராடுவதிலிருந்துதான் என்றும், துயரமும் வளர்ச்சியும் ஒருங்கே இருக்கலாம் என்றும் கூறினர். ஆகவே, வளர்ந்துவிட்டோமா என்று யாரும் உங்களைச் சோதிக்க விடாதீர்கள், நீங்களும் சோதித்துக்கொள்ளாதீர்கள்.

நோட்டால் தீராதவையும் உண்டு. காய்ச்சல், தையலில் நீர் அல்லது சீழ் கசிவு, நெஞ்செலும்பில் ‘கடக்’ என்ற அசைவு, திடீர் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால், அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அதுவும் சிகிச்சைக்கு உரியதே.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வார்டுக்குப் போய், உங்களைப் பார்த்துக்கொண்டவரிடம், அவர் செய்த செயலைக் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள். இரவெல்லாம் என்னை இருமச் சொல்லி, நெஞ்சில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்ற சிஸ்டருக்கு என் முகம் நினைவில் இல்லை. நான் வாசித்துக் காட்டிய வரிகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மூணு பந்தும் ஏறுதா சார்?” என்று கேட்டார். ஏறுகிறது என்றேன்.