அமெரிக்கச் சிற்றூரில் கோடை விடுமுறை: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியானா, இல்லினாய், அயோவா, ஒஹையோ என்று பரந்து கிடக்கும் மிட்வெஸ்ட் மாநிலங்களில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும், எந்த வீட்டு முன்வாசலில் உட்கார்ந்தாலும் ஒரு கோடைக் கதை காத்திருக்கும். அப்பா படகோடு ஏரியில் கவிழ்ந்தது, நாய் ஸ்கங்கிடம் மாட்டிக்கொண்டது, மாமா கொளுத்திய ராக்கெட் பக்கத்து வீட்டுக் கூரையில் போய் இறங்கியது. சொல்கிறவருக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாததால்தான் அது சிரிப்புக் கதை. அதே தவறு இன்னொரு வீட்டில் மருத்துவமனையில் போய் முடிந்திருக்கும். அந்த வீட்டார் அதைச் சொல்லமாட்டார்கள். கோடையில் அங்கே தங்கப் போகிற குடும்பங்கள், எதைச் சிரித்துவிட்டு விடலாம், எதை விடக் கூடாது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஸ்கங்க் முதல் வகை. கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட, பூனை அளவுள்ள விலங்கு. பொழுது சாய்ந்ததும் குப்பைத் தொட்டியையும் புல்வெளிப் புழுக்களையும் தேடி வரும். முன்னங்கால்களால் தரையைத் தட்டி வாலை உயர்த்தினால், நாற்றத் திரவத்தைப் பீய்ச்சப் போகிறேன் என்று பொருள். மனிதர்கள் பின்வாங்கிவிடுவார்கள், நாய்தான் வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே போகும். பீய்ச்சி வாங்கிய நாயை உடனே வீட்டுக்குள் விடுவது முதல் தவறு. அது நேராகச் சோபாவுக்கு ஓடிப்போய் முகத்தைத் தேய்க்கும்; பிறகு நாயோடு சோபாவையும் கழுவ வேண்டும்.

இரண்டாவது தவறு தக்காளிச் சாறு. டப்பா டப்பாவாக வாங்கி வந்து நாயைக் குளிப்பாட்டுவது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வெள்ளை நாய் இளஞ்சிவப்பாகும், குளியலறைச் சுவரெல்லாம் சிவப்பாகும், நாற்றம் மட்டும் அசையாது. ஆனால் அரை மணி நேரம் அதே நாற்றத்தில் இருந்தவரின் மூக்கு மரத்துப்போயிருக்கும். அதனால் தக்காளி கேட்டுவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். வெளியே போயிருந்த பிள்ளை கதவைத் திறந்ததும் உண்மை தெரிந்துவிடும். நாற்றத்துக்குக் காரணம் தயால் என்ற கந்தகச் சேர்மங்கள். அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்தால்தான் நாற்றம் போகும். இல்லினாயைச் சேர்ந்த வேதியியலாளர் பால் கிரெபாம் இதற்கு எளிய கலவை ஒன்றைக் கண்டுபிடித்தார். அது 1993-இல் வெளியாகிப் பரவியது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய ஒரு லிட்டர், ஆப்ப சோடா கால் கப், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒன்றிரண்டு தேக்கரண்டி. கண்ணில் படாமல் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். மிச்சத்தைப் பாட்டிலில் மூடி வைக்கவே கூடாது. உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடித்துவிடும். மீந்ததைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, அடுத்த முறை புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பாய்சன் ஐவி. ஒரு காம்பில் மூன்று இலையாக, வேலியோரத்திலும் ஆற்றங்கரை மரங்களிலும் படரும் கொடி. இதன் எண்ணெய் பட்ட தோல் பெரும்பாலும் அன்றைக்கே ஒன்றும் காட்டாது. ஒன்றிரண்டு நாளில் அரித்துக் கொப்புளமாகும். நம்மூர்ச் சேராங்கொட்டை தோலைப் புண்ணாக்குவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சேராங்கொட்டை, முந்திரி, மா, பாய்சன் ஐவி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். தோலைத் தாக்கும் பொருளும் ஒரே வகையைச் சேர்ந்ததுதான். பட்டவுடன் சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். உடையையும் செருப்பையும், கூட ஓடிவந்த நாயையும் கழுவாமல் விடுவதால்தான் காட்டுப் பக்கமே போகாத பாட்டிக்கும் அரிப்பு வருகிறது. தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று இந்தக் கொடியைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. எண்ணெய் புகையோடு நுரையீரலுக்குள் போகும். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நேரக் குழப்பத்தால் யாருக்கும் காயம் வராது, ஆனால் விருந்து போகும். இந்தியானாவின் 92 கவுன்டிகளில் (மாவட்டங்களில்) 80 கிழக்கு நேரத்திலும் 12 மத்திய நேரத்திலும் இருக்கின்றன. சவுத் பெண்ட் நகரில் மணி பன்னிரண்டு என்றால், காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய மிச்சிகன் சிட்டியில் பதினொன்று. மிச்சிகன் சிட்டியிலிருந்து சவுத் பெண்ட் உறவினர் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற குடும்பம், நேரத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்கும். அழைக்கும்போதே எந்த ஊர் நேரம் என்று கேட்டுவிடுங்கள்.

ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாள் அணிவகுப்புக்கு முந்தைய இரவே பல ஊர்களில் தெருவோரம் மடக்கு நாற்காலிகள் வரிசையாக வந்துவிடும். ஆள் இருக்காது, கயிறு இருக்காது. காலியாகத்தானே இருக்கிறது என்று ஒன்றை நகர்த்தினால், ஆண்டு முழுவதும் அந்த ஊர் அதை நினைவில் வைத்திருக்கும். வண்டிகளிலிருந்து மிட்டாய் வீசுவார்கள். பிள்ளைகள் சக்கரத்தடிக்கு ஓடாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் வேலை. அன்று மாலை ஊர் கூடிச் சாப்பிடும்போது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவது வழக்கம். மயோனைஸ் போட்ட உருளைக்கிழங்கு சாலட் இல்லாமல் இந்தப் பந்தி கிடையாது. வெளியே வைத்த இத்தகைய உணவுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் போனால் ஒரு மணி நேரம். செய்தவர் மனம் புண்படுமே என்று இரவு வரை கிண்ணத்தைச் சுற்றுக்கு விட வேண்டாம்.

வடக்கே இருக்கிற ஊர், வெயில் என்ன செய்துவிடும் என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஜூலையில் ஒரு ஏக்கர் மக்காச்சோளம் நாளொன்றுக்கு 11,000 முதல் 15,000 லிட்டர் நீரைக் காற்றில் விடும். சுற்றிலும் சோளக்கொல்லையாக இருக்கிற ஊரில் அந்தப் புழுக்கம் சென்னைக்குக் குறைவில்லை. கடைக்குள் ஒரு நிமிடம் போய்வருகிறேன் என்று குழந்தையைக் காரில் விட்டுப் போகாதீர்கள். பத்தே நிமிடத்தில் காருக்குள் வெப்பம் சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்.

வானத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். மினசோட்டாவில் மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கும், இல்லினாயில் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கும் டொர்னாடோ என்ற சுழற்காற்று வருவதை எச்சரிக்கும் சைரனை ஒலித்துச் சோதிப்பார்கள். புதிதாக வந்த குடும்பம், தெளிந்த வானத்தின் கீழ், குழந்தையையும் பாஸ்போர்ட்டையும் அள்ளிக்கொண்டு நிலவறைக்கு ஓடும். பக்கத்து வீட்டார் புன்னகைப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சைரனுக்கு ஓடியவர்களைக் கேலி செய்து, அடுத்த முறை அவர்களை ஓடாமல் ஆக்குவதுதான் ஆபத்து. மிசூரியின் ஜாப்லின் நகரில் 2011 மே 22 அன்று டொர்னாடோ தாக்கி 150-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடிக்கடி கேட்டுப் பழகிப்போனதால் முதல் சைரனுக்குப் பலர் உடனே நகரவில்லை என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

டொர்னாடோ வாட்ச் என்று அறிவித்தால், உருவாகும் சூழல் இருக்கிறது என்று அர்த்தம். டார்ச், செருப்பு, கைபேசியைக் கையருகே வைத்துக்கொள்ளலாம். வார்னிங் என்றால் கண்ணிலோ ரேடாரிலோ பட்டுவிட்டது. அப்போது நிலவறைக்குப் போக வேண்டும். நிலவறை இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு. அந்த நேரத்தில் முன்வாசலில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்க்கும் அப்பாக்கள் மிட்வெஸ்டில் நிறைய. ஊர்ப் பெருமையாகவே இதைச் சொல்வார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னல்களைத் திறந்துவைப்பதும் பழைய மூடநம்பிக்கைதான். நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழ் ஒதுங்குவதும் கூடாது. அங்கே காற்று இன்னும் வேகமாகும். சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. மூடிய வீட்டுக்குள் கேட்காமல் போகலாம் என்பதால், கைபேசி எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள்.

டொர்னாடோ இல்லாத நாளிலும் காற்று ஆளைக் கொல்லும். 2011 ஆகஸ்ட் 13 அன்று இண்டியானாபொலிஸ் மாநிலக் கண்காட்சியில், இடிமழைக்கு முன்னால் ஓடிவந்த காற்று இசைமேடையைச் சாய்த்ததில் ஏழு பேர் இறந்தனர். கண்காட்சியில் டிக்கெட் வாங்கியாயிற்று, ராட்டினம் இன்னும் பாக்கி என்று பிள்ளைகள் அழுதாலும், இடி கேட்டதும் கட்டடத்துக்குள் அல்லது காருக்குள் போய்விட வேண்டும். கூடாரம் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகு திரும்பலாம்.

பட்டாசுக்கு வருவோம். இல்லினாயில் வானில் பாய்கிற, வெடிக்கிற வகைகளைப் பொதுமக்கள் விடத் தடை. எல்லை தாண்டினால் இந்தியானாவில் நெடுஞ்சாலை ஓரமே கடைகள். வாங்கி வந்து வீட்டுப் பின்புறம் கொளுத்தி, போலீஸ்காரரிடம் மாட்டிக்கொள்வது பல குடும்பங்களின் ஜூலைக் கதை. கம்மின்ஸ் நிறுவனத் தலைமையகம் உள்ள இந்தியானாவின் கொலம்பஸ் போன்ற ஊர்களுக்கு வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள், தீபாவளி அனுபவத்தில் கம்பி மத்தாப்பைச் சாதாரணமாகக் குழந்தை கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதன் நுனி சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் எரிகிறது. அணைந்த கம்பியைப் புல்லில் எறிவது அதைவிட மோசம். வெறுங்காலோடு ஓடும் பிள்ளை மிதிக்கும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், ஒவ்வொரு கம்பியும் அதற்குள் போகட்டும். எரியாமல் போன வாணத்தைக் குனிந்து பார்ப்பதும் மறுபடி பற்றவைப்பதும் வேண்டவே வேண்டாம்.

பண்ணை வீட்டு உறவினரைப் பார்க்கப் போனால், வானுயர நிற்கும் எஃகுக் குதிர்களைப் பிள்ளைகள் ஏறிப் பார்க்க ஆசைப்படுவார்கள். மக்காச்சோளத்தை அடியிலிருந்து இறக்கும்போது மேலே நிற்பவரைத் தானியம் சில நொடிகளில் முழங்கால் வரை இழுக்கும். அரை நிமிடத்துக்குள் ஆளே மறைந்துவிடலாம். இந்தியானாவின் பர்டியூ பல்கலைக்கழகம் இத்தகைய விபத்துகளை ஆண்டுதோறும் பதிவு செய்யும் அளவுக்கு அவை நடக்கின்றன. குதிர் விளையாடும் இடம் இல்லை என்று வண்டியிலிருந்து இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகப் படகு. சிறிய துடுப்புப் படகு கவிழ்வதற்குப் பெரும்பாலும் யாரோ ஒருவர் எழுந்து நின்றதுதான் காரணம். அதுவும் மீன் சிக்கியதும், அல்லது படம் எடுக்க. ஆழமில்லாத ஆறு என்று லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காமல் எல்லோரும் அணிந்திருந்தால், கவிழ்வது வெறும் நனைதல்தான். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும். கரை பக்கத்தில்தானே என்று தனியாக நீந்தக் கிளம்பாமல் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறும் முன்பே கார் சாவியை நீர்புகாப் பையில் போட்டுப் படகின் குறுக்குச் சட்டத்தில் கட்டிவிடுங்கள். நனைந்த துணியோடு, பூட்டிய காருக்கு வெளியே, கொசுக்கடியில் நிற்கும் குடும்பங்கள் எல்லாம் இந்த ஒன்றை மறந்தவைதான்.