கறுத்தக் கொழும்பான் மாங்கன்றை வீட்டிலேயே ஒட்டும் முறை

கரும்பச்சைத் தோலும் செம்மஞ்சள் சதையும் கொண்ட கறுத்தக் கொழும்பான், யாழ்ப்பாணத்துக்குப் பேர்போன பழைய மாவினம். வறட்சியைத் தாங்குவதால் திருகோணமலை வளவுகளுக்கும் ஏற்றது. கொட்டையிலிருந்து முளைக்கும் கன்று தாய்மரத்தின் பழத்தையே தருமென்று நம்ப முடியாததால் ஒட்டுவதே வழி.

முதலில் ஒட்டுக்கட்டை, அதாவது வேரோடு அடியில் நிற்கும் கன்று. உள்ளூர்ப் புளிமாங்கொட்டையை, பழம் தின்ற சில நாட்களுக்குள் ஓடு நீக்கிப் பையில் ஊன்றி, தண்டு பென்சில் பருமனாகும்வரை வளர்த்தால் போதும்.

அடுத்தது ஒட்டுக்கிளை, அதாவது அதன்மேல் ஒட்டப்படும் கறுத்தக் கொழும்பான் கிளை. நான் தோற்றது இங்கேதான். இலையோடு வெட்டிய கிளைகளை அன்றே ஒட்டி, நான்கு கன்றுகளையும் காயவிட்டேன். பூக்காத, முற்றிய நுனிக்கிளையொன்றைத் தெரிந்து, அது மரத்தில் இருக்கும்போதே காம்பில் சிறிது விட்டு இலைகளை நறுக்கிவிட வேண்டும். ஏழு முதல் பத்து நாட்களில் காம்புகள் தாமாக உதிர்ந்து, நுனிமொட்டு பருக்கும். அப்போதுதான் நான்கைந்து அங்குல நீளத்தில் வெட்ட வேண்டும். மொட்டு விரிந்துவிட்டால் அக்கிளை பயன்படாது.

ஒட்டுக்கட்டையின் தலையைச் சீவி, நடுவே ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிளந்து, கிளையின் அடியை ஆப்புப்போல இருபுறமும் சீவிச் செருகுங்கள். பருமன் ஒத்துவராவிட்டால் கிளையை நடுவில் வைக்காது, ஒரு பக்கத்தில் பட்டையோடு பட்டை பொருந்துமாறு வையுங்கள். பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய படலங்கள் தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். விலை கூடிய ஒட்டுக்கத்தியைவிடப் புதிய சவர பிளேட்டையே நான் விரும்புகிறேன். வெட்டு ஒரே இழுப்பில் விழ வேண்டும். பொலித்தீன் பட்டியால் இறுகச் சுற்றி, மேலே ஒடுங்கிய ஐஸ் பக்கற் உறையைக் கவிழ்த்துக் கட்டி, நிழலில் வையுங்கள். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் ஒட்டாதிருப்பது நல்லது. மூன்று, நான்கு வாரங்களில் தளிர் வந்ததும் உறையை நீக்கலாம். பட்டியை இரண்டு மாதங்களாவது விட்டுவையுங்கள்.

பிற்சேர்க்கை: நிலாவெளி வாசகி ஒருவரின் ஒட்டுகள் உறைக்குள்ளேயே வெந்துபோயின, காலை வெயில்தானே என்று முற்றத்தில் வைத்திருந்தாராம். இன்னொருவர் தம் கன்று செழித்து வளர்வதாகப் படம் அனுப்பியிருந்தார். தளிர் ஒட்டுக்குக் கீழிருந்து வந்திருந்தது. அவர் நீரூற்றி வளர்த்தது புளிமாவை. அத்தகைய தளிர்களைக் கண்டவுடன் கிள்ளிவிடுங்கள்.