பிளெக்ஸ் பிரிண்டில் கோடு விழுகிறதா? ஃபீடை இப்படிச் சரிசெய்யுங்கள்

போன மாதம் ஒரு பேனரில் வெறும் நீல வானம். அதில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய வெள்ளைக் கோடுகள். இரண்டு நாள் போராடித்தான் சரியானது. காரணம் ஃபீட், அதாவது ஹெட் (மை தெளிக்கும் பகுதி) ஒருமுறை அடித்ததும் மீடியா (பிளெக்ஸ், வினைல் போன்ற ஷீட்) முன்னே நகரும் அளவு.

முதலில் நாசில் செக் (மை வரும் நுண்துளைகள் எல்லாம் அடிக்கின்றனவா என்று காட்டும் சோதனைப் பிரிண்ட்) எடுங்கள். அடைப்பு இருந்தால் ஹெட்டைச் சுத்தம் செய்யாமல் ஃபீடைத் தொடவே கூடாது. நாசில் சரி, கோடு மட்டும் சம இடைவெளியில் வருகிறது என்றால் ஃபீட்தான். வெள்ளைக் கோடு என்றால் மீடியா கூடுதலாக நகர்கிறது. கறுப்புக் கோடு என்றால் குறைவாக நகர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று அடிக்கிறது.

ஹீட்டரைப் போட்டு, மீடியா சூடான பிறகு, 1000 மி.மீ. இடைவெளியில் இரண்டு மெல்லிய கோடுகளை அடியுங்கள். ஸ்டீல் ஸ்கேலில் அளந்து பாருங்கள். துணி டேப் வேண்டாம், அது நீளும். எனக்கு 1002 வந்தது. சாஃப்ட்வேரில் மீடியாவின் நகர்வைத் தீர்மானிக்கும் பழைய ஸ்டெப் எண்ணை 1000-ஆல் பெருக்கி, அளந்த நீளத்தால் வகுத்தால் புது எண்: 5000 இருந்தால் 4990. சில சாஃப்ட்வேரில் இது தலைகீழாக வேலை செய்யும். அதனால் ஒருமுறை மாற்றி, கோடு குறைகிறதா என்று பாருங்கள்.

2 மி.மீ. பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் மீடியா ஒருமுறை நகர்வது 13.5 மி.மீ. என்றால் பிழை 0.027 மி.மீ.; 720 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 720 புள்ளிகள்) ஒரு புள்ளி வரிசையே 0.035 மி.மீ. தான்.

அப்புறம் நடுத்தர அடர்த்தியில் ஒரே நிறத்தை ஒரு பட்டையாக அடித்து, எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பாஸை (ஒரே இடத்தின் மேல் ஹெட் எத்தனை முறை போகிறது என்பதை) கூட்டிக் கோட்டை மறைப்பது எனக்குப் பிடிக்காது. நேரம்தான் போகும், பிழை அப்படியே இருக்கும்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இதற்குப் பிறகுதான். புது ரோலில் சரிசெய்தேன், அருமையாக வந்தது. பாதி ரோல் தீர்ந்ததும் மறுபடி வெள்ளைக் கோடு! முழு ரோலின் கனத்தை பிஞ்ச் ரோலரே (மீடியாவை அழுத்திப் பிடித்து நகர்த்தும் உருளை) இழுத்துக்கொண்டிருந்ததால் மீடியா லேசாக வழுக்கி, குறைவாக நகர்ந்திருக்கிறது. அந்தக் குறைவுக்கு ஏற்றபடி நான் எண்ணை வைத்துவிட்டேன். கனம் குறைந்ததும் அதே எண் அதிகமாகிவிட்டது. இப்போது அளப்பதற்கு முன்பும் அடிக்கும்போதும் பின்பக்கம் இரண்டடி மீடியாவைத் தளர்வாக அவிழ்த்து விடுகிறேன். முன்பக்கம் சுற்றும் டேக்-அப்பும் விறைப்பாக இழுக்கக் கூடாது. பிளெக்ஸ், வினைல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். மெஷின் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு சேர்த்தது: ஒரு ஓரத்தில் மட்டும் கோடு வருகிறது என்று ஒருவர் கேட்டார். அந்த 1000 மி.மீ.யை இடது, வலது இரண்டு ஓரத்திலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எண்ணை மாற்றாதீர்கள். ரோலைக் கழற்றி நேராகப் போட்டு, பிஞ்ச் ரோலர்கள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.